கொக்கி அழுத்திய இடம்

பாதியாக ஒடித்த பிளேடு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது. மற்ற விரல்கள் துணியை இறுக்கிப் பிடித்திருந்தன. வண்டி குலுங்கினால் கை நின்றது; சீராக ஓடினால் கையும் ஓடியது. எல்லாத் தையலையும் அறுக்கவில்லை. இடைவிட்டு இடைவிட்டு ஒரு கண்ணியை மட்டும் அறுத்துக்கொண்டே போய், நூலின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. ஜிப் பட்டை துணியைவிட்டு முழ நீளத்துக்குக் கழன்று மடியில் விழுந்தது. அறுந்த நூல் துண்டுகளில் ஒன்றைக்கூடக் கை தரையில் விடவில்லை. பொறுக்கிப் பொறுக்கி ஒரு காலி மாத்திரைக் குப்பியில் போட்டு மூடியது.

"யோவ், அத உரிச்சு முடிச்சேன்னா என் தள்ளுவண்டி வாரையும் கொஞ்சம் பாரு," என்றாள் முன் சீட்டிலிருந்து திரும்பிய ஜூனி. "கேப்டன் காலைல குடுத்தா மத்தியானம் வேலை நடக்குது. எனக்குன்னா மட்டும் நாள் நட்சத்திரம் பாக்கிற."

"உன் வாரு இன்னும் அறுகல ஜூனி. அறுந்தப்புறம் வா."

"அறுந்தப்புறம் என் சாமானெல்லாம் நடுரோட்டுல உருளும். நீ வந்து பொறுக்கு."

அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரத்துப் பஸ் நிலையத்திலிருந்து டிவிஷன் சாலை வழியாக வடக்கே கடை வளாகம் வரை போய்த் திரும்பும் பஸ் அது. அதில் கடைசிக்கு முந்தைய வரிசையில், வலது பக்கச் சீட்டுக்குக் கீழேதான் சூட்டுக் காற்று வரும். இது தெரிந்தவர்கள் இரண்டே வகை. ஒன்று, பஸ்ஸைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள். மற்றது, வீடு இல்லாதவர்கள். பிளேடைப் பிடித்திருந்த ஆர்லோ ஃபென்ஸ்கி இரண்டாவது வகை.

அறுபதைத் தாண்டியவர். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் பாதி ஆயுள் போயிற்று. யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. கிழிந்து வரும் பாய்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, தையல் எங்கே தாங்கியிருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தானாகத் தெரிந்துகொண்டார். பட்டறை இருந்த கட்டடத்தை விற்றார்கள். மனைவி லோயிஸ் அதே வருஷம் நோயில் போனாள். வாடகை ஏறியது. வீட்டைக் காலி செய்து காரில் குடியேறினார். ஒருநாள் நூலகத்திலிருந்து வெளியே வந்தால் காரைக் காணோம். நிறுத்தக் கூடாத இடம் என்று இழுத்துப் போயிருந்தார்கள், பின்பெட்டியில் இருந்த தையல் மெஷினோடு. மீட்க வழியில்லை. அன்றிலிருந்து பகலெல்லாம் பஸ்தான்.

பஸ்ஸிலேயே தொழிலும் நடந்தது. பிய்ந்த ஜிப், அறுந்த வார், கிழிந்த கோட்டு அக்குள். கூலி என்று யாரும் பேசுவதில்லை. ஒரு ஜோடி சாக்ஸ் வரும், சூடாக ஒரு கப் சூப் வரும். நூலகத்தில் போனுக்குச் சார்ஜ் போடும் மேஜையில் அவருக்கென்று ஒரு நாற்காலியை யாராவது பிடித்து வைத்திருப்பார்கள்.

பஸ்ஸில் பகலைக் கழிக்கும் இந்த ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி எங்கே படுத்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எந்த பஸ்ஸில் வந்தாய் என்றுதான் கேட்பார்கள். ஒருவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாரோ அதை அப்படியே வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. தங்கை வீட்டில் இருக்கிறேன் என்றால், தங்கை வீடு. வசந்தத்தில் அபார்ட்மெண்ட் கிடைக்கப்போகிறது என்றால், வசந்தத்தில் அபார்ட்மெண்ட். அதற்கு மேல் துருவினால் அவரோடு பேச ஆள் இருக்காது.

அவர்கள் கேப்டன் என்று கூப்பிட்டது டிரைவர் மார்லீன் ஹாகனை. மடிப்புக் கலையாத நீலச் சட்டை. ஒரு முடி விலகாமல் வாரி, நீலக் கிளிப் குத்திய நரைத்த தலை. விதிப்படி கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கி, குளிரில் நின்று, அடுத்த நடைக்கு மறுபடி ஏற வேண்டும். பனி கொட்டும் நாட்களில் மார்லீன் கதவுப் பொத்தானை ஒரு தடவை தொட்டுவிட்டு, "அடடா, கதவு உறைஞ்சு போச்சுப்பா. யாரும் இறங்க முடியாது, மன்னிச்சுக்குங்க" என்பாள். இஞ்சினை ஓடவிட்டு, தானும் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்காக இவர்கள் பஸ்ஸில் ஒரு காகிதத்தைக்கூடக் கீழே போடமாட்டார்கள்.

அன்று காலை ஆர்லோ ஏறியதும் மார்லீன் ஒரு பெரிய துணிமூட்டையை நீட்டினாள். பச்சை நிற ஸ்லீப்பிங் பேக்.

"அக்கா மகனோடது, ஆர்லோ. மலைக்குக் கேம்ப் போற பையன். ஜிப் பாதியில பிச்சுக்குது. அவசரமே இல்ல. அடுத்த வாரம்கூடக் குடுங்க."

பார்த்தவுடனே ஆர்லோவுக்குக் கோளாறு தெரிந்தது. ஜிப்பை மூடித் திறக்கும் ரன்னரின் வாய் அகன்றிருந்தது. இடுக்கியால் இரண்டு பக்கமும் லேசாக நெரித்துவிட்டால் போதும், மூடும். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் முடிகிற வேலை. ஆனால் அப்படிச் செய்தது சில வாரம்தான் தாங்கும். கேப்டன் முதல்முதலாகக் கொடுத்த வேலை சில வாரத்தில் கெடுவதா? ஒரு படகு உறையிலிருந்து கழற்றி வைத்திருந்த பித்தளை ஜிப் அவரிடம் இருந்தது. அதைப் போட்டால் பையன் கிழவனாகும்வரை உழைக்கும். அடுத்த வாரம்வரை நேரம் இருக்கிறதே. பழையதை அடியோடு பிரிக்க ஆரம்பித்தார்.

ஒரு பக்கம் முழுக்கப் பிரித்தாயிற்று. மறுபக்கத்தையும் பிரித்து முடித்துப் பையைப் புரட்டினார். அடிப்பக்கத்தில், இடுப்பு வருகிற இடத்தில், துணி நைந்து கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பொத்தல். உள்ளிருந்த பஞ்சு கறுத்து எட்டிப் பார்த்தது.

மலையில், தரையில் படுத்தால் பை தேய்வது தோளிலும் குதிகாலிலும். கல் குத்தினால் அங்கங்கே கீறும். ஒரே இடத்தில், ராத்திரிக்கு ராத்திரி, சதுரமாக ஒன்று கீழிருந்து அழுத்தினால்தான் இப்படித் தேயும். ஆர்லோ யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காலடியில் சுருட்டி வைத்திருந்த அவருடைய சொந்தப் பையிலும் அதே இடத்தில் அதே பொத்தல் இருந்தது. காரின் பின் சீட்டில் குறுக்காகப் படுத்தால், சீட் பெல்ட்டை மாட்டுகிற கொக்கி இடுப்புக்குக் கீழே வரும். எவ்வளவு உள்ளே தள்ளிவிட்டுப் படுத்தாலும் விடிவதற்குள் வெளியே வந்து குத்தும்.

பாவம் அந்தப் பையன், என்றுதான் முதலில் நினைத்தார். கேப்டனுக்குத் தெரியுமோ என்னவோ, அக்கா மகன் காரில் படுக்கிறான்.

தலைமாட்டில் சின்னப் பை ஒன்று தைத்திருந்தது. தைக்கும்போது ஊசி எதிலும் இடறாமலிருக்க, அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று விரலை விட்டார். வெளியே வந்தது ஒரு நீலக் கிளிப். கிளிப்பின் பல் ஒன்று ஒடிந்திருந்தது. அதில் நீளமான நரை முடி சிக்கியிருந்தது.

ஆர்லோ தலையைத் தூக்கிப் பார்த்தார். பஸ்ஸின் முன்னால், கண்ணாடிக்குக் கீழே, மார்லீனின் பின்தலை. அதில் இதே கிளிப்பின் ஜோடி.

"இல்ல," என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"என்ன இல்ல?" என்றாள் ஜூனி.

"ஒண்ணுமில்ல. ஊசி குத்திருச்சு."

"கைல ஊசியே இல்லையே?"

ஆர்லோ கிளிப்பை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். காரை நிறுத்திய இடத்தில் காலி இடத்தைப் பார்த்து நின்ற அன்றுகூட அவர் இப்படித் திகைத்ததில்லை. அன்று நடந்தது அவருக்கு நடந்தது. அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்: வேலை போனது, அதனால் வீடு போனது. வேலை இருந்திருந்தால் வீடு இருந்திருக்கும். அந்தக் கணக்கில் வருத்தம் இருந்தாலும் ஒரு பிடிமானமும் இருந்தது. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற பெண்ணுக்கு வேலை இருக்கிறது. சட்டையில் பெயர்ப் பட்டை இருக்கிறது, யூனியன் இருக்கிறது, ஒருநாள் தவறாமல் வருகிறாள். அவளுக்குமா? அப்படியானால் தரை என்று எதை மிதித்து நிற்பது?

பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் இப்போது வரிசையாக வந்தது. கடைசி நிறுத்தத்துக் கழிப்பறையில் அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தது. சுத்தமான அம்மா என்று நினைத்தாரே. கதவு உறைந்த நேரத்தில் சாய்ந்த உடனே, விளக்கை அணைத்ததுபோல் தூங்கிவிடுவது. களைத்துப்போன அம்மா என்று நினைத்தாரே. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மலையில் இந்தக் குளிரில் எவன் கேம்ப் போடுகிறான் என்று ஒரே கேள்வி. சொன்னதை வாங்கிக்கொள்வது மரியாதை என்று வாங்கிக்கொண்டார்.

மைக் கரகரத்தது. "எல்லாரும் கேட்டுக்குங்க," என்றது மார்லீனின் குரல். "இன்னிக்கு ராத்திரிதான் இந்தக் குளிர்லயே மோசமாம். துப்பினா கீழ விழறதுக்குள்ள கல்லாயிடும்கிறாங்க. சர்ச் ஹால்ல ராத்திரி படுக்க இடம் குடுக்கிறாங்க, இருட்டறதுக்கு முன்னாடியே வரிசை ஆரம்பிச்சிடும். போய் நில்லுங்க. ஒருத்தரும் வெளில இருக்கக் கூடாது, ஆமா."

"நீங்க சொல்லுவீங்க கேப்டன்!" என்று ஜூனி கத்தினாள். "வீட்டுக்குப் போயி நெருப்பு முன்னாடி காலை நீட்டிக்கிட்டு, நாயத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு, மகாராணியாட்டம்..."

"என் நாய் மடியில ஏறாது ஜூனி. காலடியிலதான் படுக்கும்," என்று சிரித்தாள் மார்லீன்.

ஆர்லோவின் மடியில் பை வாய் பிளந்து கிடந்தது. காலையில் அது பாதியாவது மூடியது. இப்போது தலைமுதல் கால்வரை ஒரு பக்கம் திறந்துவிட்டது. கார் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிகிற ராத்திரிக்கு, மூடாத பையும் ஒன்றுதான், பை இல்லாததும் ஒன்றுதான். இடுக்கியால் ஒரு நெரி நெரித்துக் கொடுத்திருக்கலாம். எல்லோருக்கும் அப்படித்தான் உடனே செய்து கொடுப்பார். அதைப் பார்த்துத்தானே அவளும் கொடுத்தாள். அவசரமில்லை என்றது வாய். மத்தியானத்துக்குள் கைக்கு வந்துவிடும் என்று மனசு நம்பியிருக்கும். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று, அவள் ராத்திரியைப் பிளேடால் அறுத்துப் போட்டிருந்தார்.

கடைசி நிறுத்தம் வந்தது. கதவு உறைந்தது. மார்லீன் அன்று கண்ணை மூடவில்லை. கால் மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டு பின்பக்கம் நடந்து வந்தாள். பையைப் பார்த்தாள். பக்கத்தில் சுருண்டு கிடந்த ஜிப் பட்டையைப் பார்த்தாள்.

"பிரிச்சிட்டீங்களா?"

"மொத்தமா மாத்திடலாம்னு பாத்தேன், கேப்டன். நல்ல பித்தளை..."

"ஓ." கம்பியைப் பிடித்திருந்த அவள் கை ஒரு தரம் இறுகித் தளர்ந்தது. "நல்லதுதான். நாந்தான் அவசரமில்லன்னு சொன்னேனே."

குரலில் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் ஆர்லோவை உலுக்கியது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். காரில் இருந்த காலத்தில், காலையில் கண்ணாடியைத் தட்டிய போலீஸ்காரரிடம், சும்மா கொஞ்சம் அசந்துட்டேன் சார் என்று அவரே அதே குரலில் சொல்லியிருக்கிறார்.

இன்றே தைத்துவிட வேண்டும். பொழுது சாயும்போது பஸ் நிலையத்தில் மார்லீன் வண்டியை அடுத்த டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவாள். அதற்குள் தலையிலிருந்து கால்வரை, கையாலேயே. தனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாமலே.

நூலை மெழுகில் இழுத்தார். ஒரு எட்டு முன்னே, அரை எட்டு பின்னே. தார்ப்பாய்க்குப் போடுகிற தையல். மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றது விடாது. நீளப் பகுதியைப் பஸ் நேராக ஓடும்போது தைத்தார். வளைவுகளைச் சிவப்பு விளக்குக்காக வைத்துக்கொண்டார். டிவிஷன் சாலைக் குழிகளில் ஊசி இரண்டு முறை நகக்கண்ணில் ஏறியது.

"கிழவா, எந்திரி," என்றாள் ஜூனி. வண்டி திரும்பிப் பாதி வழி வந்திருந்தது. "ஹாலுக்கு இங்க எறங்கணும். வரிசைல இடம் பிடிச்சுவைக்க விடமாட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியும். நீ போ."

"அக்கா மகன் அடுத்த வாரம் மலை ஏறினா என்ன, ஏறாட்டி என்ன? கேப்டன்னா அவ்வளவு உருகறியே, என்ன, மோதிரம் வாங்கி வெச்சிருக்கியா?" பையின் ஒரு நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். இழுத்த விரல் பொத்தலுக்குள் போனது.

ஜூனியும் இரண்டு குளிர்காலம் காரில் படுத்தவள். விரலை வெளியே எடுத்தாள். மறுபடி உள்ளே விட்டாள். சதுரத்தின் ஓரத்தைச் சுற்றித் தடவினாள்.

"பையன் கார்லயா..." என்று ஆரம்பித்தாள். ஆர்லோ உள்ளங்கையைத் திறந்து கிளிப்பைக் காட்டினார். அவள் முன்பக்கம் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நம்மாளா?" பொத்திய கைக்குள்ளிருந்து காற்றாக வந்தது.

"சத்தம் போடாத."

"நெருப்பு, நாயின்னு நான் பாட்டுக்கு தினம் தினம்... ஐயோ. வேலை இருக்கே கிழவா. அவளுக்கு வேலை இருக்கே!"

"நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு வரேன்."

"வேலை இருந்தும் இப்படின்னா, அப்புறம் நாம வரிசைல நின்னு எதுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம்?"

ஆர்லோ அடுத்த தையலைக் குத்தினார். ஜூனி அவருடைய ஊசிப் பெட்டியை எடுத்தாள். அவருக்குக் கண் மங்கும், நூல் கோக்கத்தான் அதிக நேரம் போகும் என்று அவளுக்குத் தெரியும். இருந்த ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து, அவர் கோட்டு மார்பில் வரிசையாகக் குத்தி வைத்தாள். கோத்து முடிப்பதற்குள் அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் ஒன்று தாண்டிவிட்டது. அடுத்ததில் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

"பாத்துப் போ ஜூனி," என்றாள் மார்லீன். "முன்னாடி போய் நின்னுக்கோ."

எதற்கும் ஒரு எதிர்ப்பேச்சு வைத்திருக்கிற ஜூனி படியில் நின்று மார்லீனின் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும், கேப்டன்," என்று மட்டும் சொல்லி இறங்கினாள்.

மார்லீன் கண்ணாடியில் ஒரு கணம் பின்னால் பார்த்தாள். ஆர்லோ குனிந்துகொண்டார்.

ஊசிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. கடைசி ஊசியில் நூல் பாதி இருக்கும்போதே ஜிப் முடிந்தது. நுனியில் ரன்னர் கழன்று போகாமல் தடித்த முடிச்சுப் போட்டார். உள்ளே படுத்தபடியே இழுக்க உள்பக்கமும் ஒரு பிடி கட்டினார். கிளிப்பை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பொத்தல் மீதி இருந்தது.

அதில் ஒட்டுப் போட்டால், படுத்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிடும். பார்த்தான், புரிந்துகொண்டான், எல்லாருக்கும் சொல்லியிருப்பான் என்று தோன்றும். நாளைக்கு அந்தச் சிரிப்பும் இஸ்திரிச் சட்டையும் அவளுக்கே பாரமாகிவிடும். இந்த பஸ்ஸில் அவள் கேப்டனாக இருப்பதே, யாருக்கும் தெரியாது என்பதால்தானோ என்னவோ. ஒட்டுப் போடாமல் விட்டால் அவருடைய வழக்கப்படி அது மரியாதை. அவருக்கு யாராவது அப்படி ஒட்டுப் போட்டுக் கொடுத்திருந்தால், அந்த ஆளின் முகத்தில் மறுபடி விழித்திருக்க மாட்டார்.

பையை மடித்தார். மடித்ததை மறுபடி விரித்தார். பஸ் ஆற்றுப் பாலத்துக்கு வந்துவிட்டது. ஓரத்துத் தண்ணீர் ஏற்கெனவே வெள்ளையாக இறுகியிருந்தது. மார்லீன் கையுறையின் விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டது பின்னாலிருந்து தெரிந்தது.

ஆர்லோ தன் மூட்டையிலிருந்து தார்ப்பாய்த் துண்டு ஒன்றையும் கம்பளித் துண்டு ஒன்றையும் எடுத்தார். கம்பளியை இரண்டாக மடித்துப் பொத்தலில் வைத்து, மேலே தார்ப்பாயை வைத்து, மீதி நூலில் நான்கு பக்கமும் நெருக்கி அடித்தார். நிலையத்தின் விளக்குகள் ஜன்னலில் விழும்போது நூலைப் பல்லால் கடித்தார்.

கதவுக்கு வெளியே அடுத்த டிரைவர் காலை உதைத்து உதைத்து நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் இறங்கினார்கள். மார்லீன் தன் தோள்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒட்டு உள்ளே போகும்படி சுருட்டிய பையோடு ஆர்லோ முன்னால் வந்தார்.

"அக்கா மகனோடது முடிஞ்சிருச்சு, கேப்டன்."

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கேவா?" கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அவசரமில்லன்னு சொன்னேனே ஆர்லோ. ஹால் வரிசைக்குப் போகலையா நீங்க?"

"உக்காந்த எடத்துல கை சும்மா இருக்க மாட்டேங்குது. என்ன பண்றது?"

அவள் சுருளின் வெளியே தெரிந்த ரன்னரைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். எங்கும் தட்டாமல் ஓடியது. உள்பக்கப் பிடி விரலில் பட்டது. அவள் விரல் அங்கேயே நின்றது.

"உள்ளேருந்தும் மூடிக்கலாம்," என்றார் ஆர்லோ. "குளிர்ல கைய வெளில நீட்ட வேண்டாம் பாருங்க. பையனுக்கு."

"பையனுக்கு," என்றாள் மார்லீன்.

தோள்பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள். ஆர்லோ பையை அவற்றின்மேல் வைத்தார்.